ஆர் கோப்பை நகலெடுத்து ஒட்டுவது தீர்வாகாது

செயலிகளை உருவாக்க உதவும் ஆண்ட்ராய்டு ஸ்டுடியோவில் ஆர் வகுப்பு (செயலியின் படங்கள், எழுத்துகள் போன்ற ரிசோர்ஸ்களின் அடையாள எண்களைக் கொண்ட நிரல் பகுதி) பிழை எனச் சிவப்பாகத் தெரிந்தால், பழைய ப்ராஜெக்டிலிருந்து ஆர்.ஜாவா கோப்பை நகலெடுத்து ஒட்டினால் போதும் என்று சிலர் சொல்வது தவறான வழிகாட்டல். அந்தக் கோப்பை யாரும் கையால் எழுதுவதில்லை. பில்டின்போது, அதாவது நிரலைச் செயலியாக மாற்றும்போது, ரெஸ் கோப்புறையில் உள்ள படங்கள், லேஅவுட்கள் (திரை அமைப்புகள்), ஸ்ட்ரிங்குகள் (எழுத்துத் தொடர்கள்) ஆகிய ரிசோர்ஸ்கள் ஒவ்வொன்றுக்கும் 32 பிட் அடையாள எண் ஒன்று ஒதுக்கப்படுகிறது. அதன் முதல் பைட் செயலியின் தொகுப்பையும் (வழக்கமாக 127), இரண்டாவது ரிசோர்ஸின் வகையையும், எஞ்சிய இரண்டும் அந்த வகைக்குள் அதன் இடத்தையும் குறிக்கின்றன. ஆகவே வேறொரு ப்ராஜெக்டின் எண்களை ஒட்டினால், கம்பைல் ஆகிவிட்டாலும், திரையில் வேறு படம் தோன்றலாம் அல்லது செயலி கிராஷ் ஆகலாம். பின்னது நடந்தால் அதிர்ஷ்டம் என்றே சொல்வேன், தவறு உடனே தெரிந்துவிடும். மேலும், பில்டை நடத்தும் கருவியான ஆண்ட்ராய்டு கிரேடில் பிளகினின், 2020இல் வெளிவந்த 3.6 பதிப்பு முதல் ஆர்.ஜாவா உருவாக்கப்படுவதே இல்லை. கம்பைல் செய்யப்பட்ட வகுப்பு நேரடியாக ஒரு ஜார் கோப்பில் (ஜாவா வகுப்புகளின் தொகுப்புக் கோப்பு) வைக்கப்படுகிறது.

பெரும்பாலும் கோளாறு ரிசோர்ஸ் கோப்புகளில்தான் இருக்கும். படக்கோப்பின் பெயரில் ஆங்கிலப் பெரிய எழுத்தோ இடைக்கோடோ இருந்தாலே பில்ட் நின்றுவிடும். பில்ட் அவுட்புட்டில் வரும் முதல் பிழையை முதலில் சரிசெய்யுங்கள். அதன் பிறகும் சிவப்பு நீங்காவிட்டால், ‘இம்போர்ட் ஆண்ட்ராய்டு.ஆர்’ என்ற வரி தானாக நுழைந்திருக்கிறதா என்று பாருங்கள். அது உங்கள் செயலியின் ஆர் வகுப்புக்குப் பதில் ஆண்ட்ராய்டின் சொந்த ஆர் வகுப்பைக் காட்டும், இருந்தால் நீக்கிவிடுங்கள்.