யோட்டுலா, மோர்ஸோவா என்று கேட்ட மருமகனுக்கு

"மாமா, யோட்டுல் வாங்கலாமா, மோர்ஸோ வாங்கலாமா?" என்று அக்கா மகன் கேட்டிருந்தான். கூடவே ஐந்து கம்பெனிகளின் விளம்பரக் கையேடுகளையும் அனுப்பியிருந்தான். புது வீடு. குளிர் தொடங்குவதற்குள் விறகு போட்டு எரிக்கிற கணப்பு அடுப்பு ஒன்றை வைத்துவிட வேண்டுமாம். போனில் பதில் சொல்ல ஆரம்பித்தேன். நாற்பது நிமிடம் ஆகியும் பிராண்டுக்கே வந்து சேரவில்லை. "மாமா, பேரை மட்டும் சொல்லுங்க" என்றான் பாவம். பேரை மட்டும் சொல்ல எனக்கு மனம் வரவில்லை. அதனால் இங்கே எழுதுகிறேன், நிதானமாகப் படிக்கட்டும்.

முதலில் அவன் கேட்டதற்கே வருகிறேன். யோட்டுல் நார்வே, மோர்ஸோ டென்மார்க். வேடிக்கை என்னவென்றால் இரண்டுமே 1853இல் தொடங்கியவை. இத்தனை தலைமுறைகளாக வார்ப்பிரும்பு அடுப்பு செய்கிறவர்களுக்கு அடுப்பு செய்யத் தெரியும். இந்த இரண்டில் எது என்று ராத்திரி முழுக்கச் சண்டை போடுகிறவர்களைப் பார்த்தால் எனக்குச் சிரிப்புதான் வருகிறது. ஏன் என்று சொல்ல, என் முதல் குளிர்காலத்துக்குப் போக வேண்டும்.

நான் வாங்கியது வேறு கம்பெனி. பெயர் வேண்டாம், அதன் மேல் தப்பே இல்லை. பற்ற வைத்த இரண்டாம் நாளே கண்ணாடி கறுத்துப் போனது. தீ எழும்பவே இல்லை, கட்டைகள் முனையில் நுரை தள்ளி 'உஸ்ஸ்' என்று சீறிக்கொண்டு கிடந்தன. கதவைத் திறந்தால் முகத்தில் புகை. விற்றவரைக் கூப்பிட்டுக் கத்தினேன். அவர் ஆளை அனுப்பினார். வந்தவர் அடுப்பு இருந்த பக்கம்கூடத் திரும்பவில்லை. நேராக விறகு அடுக்கியிருந்த இடத்துக்குப் போய், நடுவிலிருந்து ஒரு கட்டையை உருவி, கோடாலியால் ஒரே போடு. பிளந்த புது முகத்தில், இழை ஓடும் வாக்கில், ஈரமானியின் இரண்டு ஊசிகளையும் குத்தினார். 33.

"நான் அளந்தேனே, 17தானே காட்டியது?" என்றேன். நான் அளந்தது கட்டையின் வெளி முனையில். அங்கே எப்போதுமே காய்ந்துதான் இருக்கும். உள்ளே இருப்பதுதான் கணக்கு.

அந்த 33 என்ன என்று அப்புறம்தான் உறைத்தது. ஈரமானி, முழுதாக உலர்ந்த மரத்தின் எடையோடு ஒப்பிட்டுத்தான் ஈரத்தைச் சொல்லும். 33 சதவீதம் என்றால் கட்டையின் மொத்த எடையில் கால்பங்கு தண்ணீர். பத்து கிலோ விறகு போட்டால் இரண்டரை லிட்டர் தண்ணீரைத் தீயில் ஊற்றுவதற்குச் சமம். அதை ஆவியாக்கவே வெப்பத்தில் ஒரு பகுதி போய்விடும். அது போகட்டும் என்றாலும், எரியறை சூடேறாததால் எரியாமல் மிஞ்சும் புகை புகைபோக்கியின் குளிர்ந்த சுவரில் தாராகப் படியும். கிரியோசோட் என்பார்கள். நாள்பட அதுவே பற்றிக்கொண்டால் புகைபோக்கிக்குள் தீ. உலகத்திலேயே உயர்ந்த அடுப்பை வாங்கி வைத்தாலும் இதே கதைதான் நடந்திருக்கும். 20க்குக் கீழே வரும்வரை விறகு காய வேண்டும். பிர்ச் போன்ற மரம் பிளந்து அடுக்கினால் ஒரு கோடை போதும், ஓக் இரண்டு வருடம் கேட்கும்.

ஆக, பிராண்டைப் பற்றி வரும் புகார்களில் பெரும்பாதி விறகைப் பற்றிய புகார் என்பது என் எண்ணம். ஒருவர் "குப்பை அடுப்பு" என்று எழுதியிருந்தால், அவருடைய விறகுக் குவியலைப் பார்க்காமல் நான் நம்ப மாட்டேன்.

சரி, கையேட்டுக்கு வருவோம். அதில் இரண்டு எண்களைப் பெரிதாகப் போட்டிருப்பார்கள். "8 கிலோவாட்" என்று ஒன்று, "12 மணி நேரம் எரியும்" என்று ஒன்று. இரண்டும் உண்மையாக இருக்கலாம். ஆனால் ஒரே ராத்திரியில் இரண்டும் நடக்காது. காய்ந்த விறகு ஒரு கிலோவில் ஏறக்குறைய 4 கிலோவாட் மணி வெப்பம் உண்டு. எரியறையில் பத்து கிலோ பிடிக்கும் என்று வையுங்கள், நாற்பது ஆயிற்று. அதில் முக்கால்வாசி வீட்டுக்குள் வந்தால் முப்பது. 8 கிலோவாட் வீதம் செலவழித்தால் நாலு மணி நேரத்துக்குள் தீர்ந்துவிடும். 12 மணி நேரம் இழுத்தால் சராசரி இரண்டரை கிலோவாட். இந்தக் கணக்கை எந்தக் கம்பெனியாலும் ஏமாற்ற முடியாது. அதனால் நான் முதலில் பார்ப்பது எரியறை எத்தனை கிலோ கொள்ளும், எத்தனை நீளக் கட்டை உள்ளே போகும் என்பதைத்தான். இருபத்தைந்து சென்டிமீட்டர் கட்டை மட்டுமே போகிற அழகான சின்ன அடுப்பை வாங்கிவிட்டு, குளிர்காலம் பூராவும் ரம்பத்தோடு நிற்கிறவர்களைப் பார்த்திருக்கிறேன்.

அதற்காகப் பெரிதாக வாங்கிவிடாதே மருமகனே. இதுதான் எல்லோரும் செய்கிற தப்பு. "இருக்கட்டுமே, கூடுதலாக இருந்தால் நல்லதுதானே" என்று தோன்றும். அறை கொதித்துப்போய்க் காற்றை அடைப்பாய், தீ அடங்கிப் புகையும், கண்ணாடி கறுக்கும், தார் படியும். ஓரளவு குளிர் தாங்கும் வீட்டுக்குப் பலரும் சொல்லும் கணக்கு: அறையின் நீளம், அகலம், உயரத்தை மீட்டரில் பெருக்கி 14ஆல் வகுத்துக்கொள். ஐந்துக்கு ஆறு மீட்டர் அறை, 2.4 மீட்டர் உயரம் என்றால் 72 கன மீட்டர். ஐந்து கிலோவாட்டுக்குச் சற்று மேலே, அவ்வளவுதான். நீ அனுப்பிய கையேடுகளில் ஒன்றில் இருந்தது பன்னிரண்டு!

இப்போது உண்மையிலேயே வித்தியாசம் உள்ள இடத்துக்கு வருகிறேன். அடுப்பு எதனால் ஆனது, புகையை எப்படி எரிக்கிறது என்பது.

எஃகுத் தகட்டு அடுப்பு சீக்கிரம் சூடாகும், சீக்கிரம் ஆறும். வேலை முடிந்து சாயங்காலம் வந்து இரண்டு மூன்று மணி நேரம் எரிக்கிறவர்களுக்கு அதுவே சரி. வார்ப்பிரும்பு கொஞ்சம் மெதுவாக ஏறும், தீ அணைந்த பிறகும் கதகதப்பு நிற்கும். பலகைகளை இணைத்து, இடுக்கில் காரை பூசிச் செய்வதால் பல வருடம் கழித்து அந்த மூட்டுகளைப் பிரித்துப் பூச வேண்டி வரலாம். மாக்கல், அதாவது சோப்ஸ்டோன் பதித்த அடுப்புகள் வேறு ஜாதி. ஹார்த்ஸ்டோன், வுட்ஸ்டாக் சோப்ஸ்டோன் போன்றவை அந்த வகை. கல் சூடாகவே நேரம் எடுக்கும், ஆனால் ராத்திரி அணைந்த அடுப்பைக் காலையில் தொட்டால் உள்ளங்கைக்கு இதமாக இருக்கும். வீட்டில் நாள் முழுக்க ஆள் இருந்தால் மட்டும் அதைப் பற்றி யோசிக்கலாம். காலையில் போய் ராத்திரி வருகிறவனுக்கு மாக்கல் அடுப்பு, குளிரும்போது சூடாகாது, தூங்கப் போகும்போது சூடாகும்.

புகை விஷயம். விறகின் வெப்பத்தில் பாதிக்கு மேல் வாயுவாகத்தான் வெளியே வருகிறது, அதை எரிக்காவிட்டால் காசு புகைபோக்கி வழியே போகிறது என்று அர்த்தம். சாதாரண நவீன அடுப்பில் மேலே துளைக் குழாய்கள் வழியாகச் சூடான காற்றை விட்டு அந்தப் புகையை எரிப்பார்கள். அதற்கு ஏறக்குறைய 600 டிகிரி வேண்டும். தீ நன்றாக எரியும்போது பார்த்தால், கட்டையை விட்டு விலகி, கூரைக்குக் கீழே நீலமும் ஆரஞ்சுமாக மெல்ல அலையும். அதைப் பார்த்துக்கொண்டே ஒரு மணி நேரம் போய்விடும், நானே சாட்சி. இன்னொரு வகை கேட்டலிஸ்ட் வைத்தது. தேன்கூடு மாதிரித் துளைகள் உள்ள ஒரு வில்லை, பல்லேடியம், பிளாட்டினம் போன்றவை பூசியது. அது 260 டிகிரியிலேயே புகையை எரிக்கத் தொடங்கிவிடும். அதனால் தீயை நன்றாகக் குறைத்து, மணிக்கணக்காக நிதானமாக எரிக்க முடியும். பிளேஸ் கிங் இந்த வகையில் பேர் போனது. சூட்டுக்கேற்ப வளையும் இரட்டை உலோகச் சுருள் தானாகவே காற்றைக் கூட்டிக் குறைக்கும். அவர்களுடைய பெரிய அடுப்பு 40 மணி நேரம் வரை எரியும் என்று கம்பெனியே சொல்கிறது. மேலே போட்ட கணக்கை மறக்காதே: அத்தனை மணி நேரம் என்றால் வெப்பம் அத்தனை மெல்லியது. வில்லை ஆயுசு முழுக்க வராது, தேயும், மாற்ற வேண்டும். பெயின்ட் அடித்த பலகை, பிளாஸ்டிக் என்று குப்பையைப் போட்டால் சீக்கிரமே செத்துப்போகும்.

என் கட்சி எது என்றால், பொறுமையும் நல்ல விறகும் உள்ளவனுக்குக் கேட்டலிஸ்ட். மற்ற எல்லோருக்கும் துளைக் குழாய் வைத்த எளிய எஃகு அடுப்பு. யோசித்துப் பார்த்தால் நானே இரண்டாவது ரகம்தான்.

பேர்களைப் பற்றி இன்னொன்று. டிரோலே, ஆஸ்பர்ன் என்று இரண்டு பெயர்களை ஒப்பிட்டு மண்டையை உடைத்துக்கொள்கிறார்கள். இரண்டும் ஒரே கனடா நிறுவனத்துடையவை. லோப்பியும் அவலானும் அப்படித்தான், அமெரிக்காவில் ஒரே வீட்டுப் பிள்ளைகள். வெளிச்சட்டை, கதவின் அலங்காரம், உத்தரவாதக் காலம், விற்கும் இடம் மாறும். மாறுகிற அந்த விஷயங்களுக்குத்தான் கூடுதல் பணம் கொடுக்கிறோம் என்று தெரிந்து கொடுத்தால் தப்பில்லை.

அப்படியானால் பிராண்டே முக்கியம் இல்லையா என்றால், உண்டு. பத்தாவது வருடத்தில் உண்டு. அடுப்பில் தேய்வது எது? கதவிடுக்கில் காற்று புகாமல் அடைக்கும் கேஸ்கெட் கயிறு, உள்ளே பதித்த செங்கல், தலைக்கு மேலே இருக்கும் தடுப்புப் பலகை. அந்தப் பலகை பல அடுப்புகளில் வெர்மிகுலைட் என்ற, சூடு தாங்கும் லேசான கனிமத்தால் ஆனது, கட்டையை விட்டெறிந்தால் விரிசல் விடும். என்னுடையது விட்டது. கயிற்றைச் சோதிக்க ஒரு துண்டுக் காகிதம் போதும். அடுப்பு ஆறியிருக்கும்போது காகிதத்தைக் கதவிடுக்கில் வைத்து மூடி இழுத்துப் பார். பிடித்துக்கொண்டால் நல்லது, வழுக்கி வந்தால் அந்த இடத்தில் காற்று உள்ளே போகிறது. என் கதவில் கீழ் மூலையில் மட்டும் வெண்ணெயில் விட்ட கத்தி போலக் காகிதம் வந்தது. கயிறு மாற்ற அரை மணி நேரம். அந்தக் கயிறும் பலகையும் எனக்கு உடனே கிடைத்தன, அந்தக் கம்பெனியை நான் மெச்சுவது அதற்காகத்தான். கடைக்குப் போனால் அடுப்பின் விலையைக் கேட்பதற்கு முன், பதினைந்து வருடத்துக்கு முந்தைய மாடலுக்குத் தடுப்புப் பலகை இருக்கிறதா என்று கேள். பதில் சொல்கிற விதத்திலேயே தெரிந்துவிடும்.

புகை அளவைப் பற்றிய முத்திரையையும் பார். அமெரிக்காவில் 2020 மே முதல் விற்கும் அடுப்புகளுக்குச் சோதனையில் மணிக்கு 2 கிராம்தான் புகைத்துகள் வரம்பு (பிளந்த விறகை எரித்துச் சோதித்தால் 2.5). 2015இல் அது 4.5 ஆக இருந்தது. ஐரோப்பிய ஒன்றியத்தில் 2022 ஜனவரி முதல், அடுப்பின் புகைக்கு வரம்பு வைக்கும் எக்கோடிசைன் விதி. மலிவாகக் கிடைக்கிறது என்று பழைய அடுப்பை வாங்காதே. வீடுகள் நெருக்கமாக இருந்தால், நல்ல அடுப்பாக இருந்தாலும் புகை பக்கத்து வீட்டு ஜன்னலுக்குப் போகும். அதைச் சொல்லாமல் அடுப்பைப் புகழ எனக்குக் கூச்சமாக இருக்கிறது.

புகைபோக்கி சரியில்லை என்றால் மேலே சொன்னது எதுவும் உதவாது. வீட்டுச் சுவருக்கு வெளியே ஏறும் குழாய் குளிர்ந்தே கிடக்கும், இழுக்காது. சமையலறை எக்ஸாஸ்ட் ஃபேன் போட்டால் புகை வீட்டுக்குள் வரும். அளந்து பார்க்கத் தெரிந்தவரை முதலில் கூப்பிடு, வருடம் ஒரு முறை துடைக்க ஏற்பாடு செய், கார்பன் மோனாக்சைடு அலாரம் மாட்டு. இதில் எனக்கு அபிப்ராய பேதமே கிடையாது.

நேற்றுத் திரும்பக் கூப்பிட்டான். அறையை அளந்தானாம், ஐந்து கிலோவாட் எஃகு அடுப்பு ஒன்றுக்குச் சொல்லியிருக்கிறான். பேரைச் சொன்னான், எனக்கு உடனே மறந்துவிட்டது. அடுப்பு வர ஆறு வாரம் ஆகுமாம். அதற்குள் அடுத்த வருடத்துக்கான விறகு வந்து வாசலை அடைத்துக்கொண்டு கிடக்கிறது, எந்தப் பக்கம் காற்று நன்றாக வரும், எங்கே அடுக்கலாம் மாமா என்று கேட்கிறான்.