ஐபி48 என்றால் தூசு புகாது என்பது சரியல்ல

மடிக்கும் போன்களுக்கு இப்போது ஐபி48 தரம் (தூசும் தண்ணீரும் உள்ளே புகாமல் எவ்வளவு தடுக்கும் என்று காட்டும் குறியீடு) வந்துவிட்டது, அதனால் தூசு, தண்ணீர் இரண்டுக்கும் கவலை இல்லை என்று ஒரு நண்பர் எழுதியிருக்கிறார். பலர் அதைப் பகிர்ந்தும் இருக்கிறார்கள். தண்ணீரைப் பற்றிச் சொன்னது பெரும்பாலும் சரிதான். தூசு விஷயம் அப்படி இல்லை.

அந்த எண்ணை நாற்பத்தெட்டு என்று சேர்த்துப் படிக்கக் கூடாது. முதல் இலக்கம் திடப்பொருளுக்கு, இரண்டாவது தண்ணீருக்கு. ஐஇசி 60529 என்ற சர்வதேசத் தரத்தில் 4 என்றால் 1 மில்லிமீட்டரும் அதற்கு மேலும் உள்ள பொருள்கள் உள்ளே போகாது, அவ்வளவுதான். வீட்டுத் தூசும் கடற்கரை மணலில் பெரும்பகுதியும் அதைவிடப் பொடி. தூசு அறவே புகாது என்பதற்கு அங்கே 6 இருக்க வேண்டும். 2021-இல் வந்த சாம்சங் ஃபோல்ட்3-இல் ஐபிஎக்ஸ்8 என்றுதான் இருந்தது. எக்ஸ் என்றால் தூசுக்குத் தர மதிப்பே தரவில்லை என்று பொருள். ஃபோல்ட்6, ஃபோல்ட்7 இரண்டும் ஐபி48. கூகுளின் பிக்சல் 10 புரோ ஃபோல்டுக்கு ஐபி68 கொடுத்திருக்கிறார்கள், ஆக மடிக்கும் போனில் முடியாத காரியமும் இல்லை.

சரிபார்ப்பது சுலபம். தயாரிப்பாளரின் தளத்தில் அந்த மாடலின் பக்கத்துக்குப் போய், அடியில் பொடி எழுத்தில் இருக்கும் குறிப்பைப் படியுங்கள் (யாரும் படிப்பதில்லை என்பது வேறு கதை). கடற்கரையிலும் நீச்சல் குளத்திலும் பயன்படுத்த வேண்டாம் என்று சாம்சங்கே அதில் எழுதியிருக்கிறது.