வென் ஜியாபாவ் வெறும் அதிர்ஷ்டக்காரரா?

உங்கள் கட்டுரையில் வென் ஜியாபாவை அதிர்ஷ்டத்தால் சீனப் பிரதமரானவர் என்று ஒரே வரியில் முடித்துவிட்டீர்கள், அது எனக்குச் சரியாகப் படவில்லை. 1989 மே 19 அதிகாலையில், ஜனநாயகம் கேட்டு மாணவர்கள் போராடிக்கொண்டிருந்த பெய்ஜிங்கின் தியானன்மென் சதுக்கத்தில் எடுத்த படத்தைப் பாருங்கள். அப்போது கம்யூனிஸ்ட் கட்சியின் பொதுச்செயலாளராக இருந்த சாவ் சியாங் கையில் ஒலிபெருக்கியோடு, தாமதமாக வந்துவிட்டோம் என்று மாணவர்களிடம் தழுதழுத்துக்கொண்டிருக்கிறார், அவருக்குப் பின்னால் வாய் திறக்காமல் நிற்பவர்தான் வென். சாவ் பதவி போய் 2005இல் சாகும்வரை வீட்டுக்காவலில் கிடந்தார், பின்னால் நின்றவரோ 2003இல் பிரதமர்!

கான்சு மாகாணத்தில் புவியியலாளராக இருந்துவிட்டு பெய்ஜிங் வந்தவர், கட்சியின் பொது அலுவலகத்தில் ஹூ யாவ்பாங், சாவ், ஜியாங் செமின் என மூன்று தலைவர்களிடம் வேலை பார்த்தார். முதல் இருவரும் கவிழ்க்கப்பட்டார்கள், இவர் நாற்காலி மட்டும் ஆடவில்லை. கோப்பு எங்கே போகிறது, யார் யாரைச் சந்திக்கிறார்கள் என்பதெல்லாம் தெரிந்த இடம் அது, அங்கே அதிர்ஷ்டத்தை நம்பி யாரும் ஏழு வருடம் தாக்குப்பிடிக்க முடியாது. வேலை தெரிந்தவர், யாருடைய கோஷ்டி ஆளாகவும் முத்திரை குத்தப்படாதவர், அதுதான் காரணம் என்பேன்.

2008 சிச்சுவான் நிலநடுக்கத்தன்று உடனே விமானம் ஏறியதால் 'வென் தாத்தா' ஆனார், சரி. ஆனால் அரசியல் சீர்திருத்தம் பற்றி அவர் அதிகம் பேசியது பதவியின் கடைசி வருடங்களில்தானே? அப்புறம் 2012இல் அவர் குடும்பத்தின் சொத்து பற்றி நியூயார்க் டைம்ஸ் எழுதியதை நீங்கள் தொடவே இல்லையே, ஏன்?