பிரிட்டனில் அவமதிப்பு குற்றமா? ஒரு திருத்தம்

"பிரிட்டனில் ஒருவரை அவமதிக்கும்படி பேசினாலே 5ஆம் பிரிவில் கைது" என்று ஒரு பதிவில் எழுதியிருக்கிறீர்கள். அது பழைய கதை. 1986ஆம் ஆண்டுப் பொது ஒழுங்குச் சட்டத்தின் 5ஆம் பிரிவில் 'அவமதிக்கும்' என்ற சொல் இருந்தது உண்மைதான். 2005இல் ஆக்ஸ்போர்டில் ஒரு மாணவர், குதிரையில் வந்த போலீஸ்காரரிடம் "உங்கள் குதிரை ஓரினச் சேர்க்கை குதிரை" என்று சொன்னதற்காக ஓர் இரவு லாக்கப்பில் கிடந்தார். வழக்கு பிறகு கைவிடப்பட்டது. ஆனாலும் போன இரவு போனதுதானே!

இதை எதிர்த்து மதவாதிகளும் மதச்சார்பற்றவர்களும் ஒன்றாக நின்றார்கள். நடிகர் ரோவன் அட்கின்சனும் குரல் கொடுத்தார். 2013இல் நாடாளுமன்றம் அந்தச் சொல்லை நீக்கியது. 2014 பிப்ரவரி 1 முதல் அந்த நீக்கம் நடைமுறையில் இருக்கிறது. மிரட்டும், வசைபாடும் பேச்சு மட்டும் இன்னும் 5ஆம் பிரிவுக்குள் வரும்.

சரி, கவலைப்பட எதுவுமே இல்லையா? இருக்கிறது. அதே சட்டத்தின் 4ஏ பிரிவில் 'அவமதிக்கும்' என்ற சொல் அப்படியே உள்ளது. ஆனால் அங்கே மன உளைச்சல் தரும் நோக்கம் இருந்ததை நிரூபிக்க வேண்டும். அதைவிட மோசம், 2003ஆம் ஆண்டுத் தகவல் தொடர்புச் சட்டத்தின் 127ஆம் பிரிவு. 'மிகவும் புண்படுத்தும்' இணையப் பதிவுக்குக்கூட அதில் வழக்குப் போடலாம். கோபப்படுவதென்றால் அதன்மேல் கோபப்படுங்கள்.