பேத்தி எடுத்த பையன்

கிச்சன் குழாய் ஒழுகுதுன்னு நேத்து கடைக்குப் போன் போட்டேன். "நம்ம பையனை அனுப்புறேன் சார், அரை மணி நேரத்துல வந்துருவான்"னார் கடைக்காரர். வந்தான்னு எழுத எனக்குக் கை வரல. வந்தார். தலை முழுக்க நரை. மண்டி போட்டு உக்கார முட்டி ஒத்துழைக்கல. பேத்திக்குக் காதுகுத்து, லீவு கேட்டேன், கிடைக்கலன்னு பேச்சுவாக்குல சொன்னார். பேத்தி எடுத்தவர் பையனாம்! அனுப்பின கடைக்காரருக்கு முப்பது வயசு தாண்டியிருக்காது.

எங்க தெருமுனை டீக்கடை இன்னும் மோசம். கல்லாவுக்கு மேல "இங்கு குழந்தைத் தொழிலாளர்கள் பணிபுரியவில்லை"ன்னு போர்டு. அதுக்கு நேர் கீழ உக்காந்துக்கிட்டு, "டேய் பையா, அந்த டேபிளத் துடை!" திரும்பிப் பாக்குறவருக்கு அம்பது வயசு. 14 வயசுக்குட்பட்ட பிள்ளைகளை வேலைக்கு வைக்கக் கூடாதுன்னு 2016-ல சட்டத்தை இறுக்கினாங்க. சின்னப் பையனை வெளிய அனுப்பிட்டு, அவன் பேரை மட்டும் பெரியவர் தலையில கட்டிட்டாங்க.

இதே வார்த்தை கல்யாணப் பேச்சுல வந்தா மட்டும் தேனா இனிக்குது. 38 வயசு, முன்வழுக்கை, சுகர் மாத்திரை வேற. ஆனா "பையன் தங்கமான பையன்." அந்தத் தங்கத்தை அவர் ஆபீஸ்ல போய் "டேய் பையா"ன்னு ஒருதடவை கூப்பிட்டுப் பாருங்க, தெரியும். (28 வயசுப் பொண்ணுக்கு மட்டும் "வயசு ஏறிப்போச்சு." செய்யுள் இலக்கணம் எழுதின பழைய பாட்டியல் நூல்காரங்களே 32-லேருந்து 40 வரைக்கும் பேரிளம்பெண்ணுன்னு, 'இளம்' போட்டுத்தான்யா சொன்னாங்க.)

வார்த்தைக்கா பஞ்சம்? தொல்காப்பியத்துல மரபியல்ங்கிற பகுதியில இளமைப் பெயர், அதாவது குட்டிகளுக்கான பேர் மட்டும் ஒன்பது இருக்கு. பார்ப்பு, பறழ், குட்டி, குருளை, கன்று, பிள்ளை, மகவு, மறி, குழவி. ஆட்டுக்கும் மானுக்கும் மறின்னு எதுக்கு எதுன்னு பாத்துப் பாத்துப் பிரிச்சு வச்சவன் பரம்பரை நாம. குழாய் மாட்ட வர்ற மனுஷனுக்கு ஒரு 'அண்ணன்' கிடைக்கல.

வேலை முடியிற நேரம் கடைக்காரர் மறுபடி போன் பண்ணார். "பையன் முடிச்சுட்டானா சார்?"

"ம்ம், முடிச்சுட்டான்"னேன்.

வாயிலேருந்து வந்த பிறகுதான் உறைச்சுது. அவர் என் பக்கத்துலயேதான், ஸ்பேனரைத் துடைச்சுப் பைக்குள்ள வச்சுக்கிட்டிருந்தார்.