படகுக் கழிவறைத் தொட்டியின் குழாய் எந்தப் பக்கம் திறக்கிறது?

போன விடுமுறையில் ஆலப்புழை போயிருந்தோம். அம்மா, நான், என் இரண்டு பெண்கள், தங்கை குடும்பம். ஒரு இரவு படகு வீட்டில் தங்கினோம். சாயங்காலம் ஆறு மணிக்கெல்லாம் ஒரு கரையோரமாகப் படகைக் கட்டிவிட்டார்கள். என்ஜின் நின்றதும் அப்படியொரு அமைதி. தவளைச் சத்தம் மட்டும்தான்.

அம்மாவுக்குச் சர்க்கரை. இரவில் மூன்று நான்கு முறை எழுந்திருப்பார். அவருக்குத் துணையாக நானும் எழுந்து வெளியே வந்து, படகின் ஓரத்தில் கம்பியைப் பிடித்தபடி நின்றேன். உள்ளே அவர் தண்ணீர் ஊற்றும் சத்தம் கேட்டது. நாலைந்து விநாடி கழித்து, என் காலுக்கு நேர் கீழே தண்ணீரில் இன்னொரு சத்தம். கைபேசி விளக்கைக் கீழே அடித்துப் பார்த்தேன். நாலு அங்குலப் பிவிசி குழாய் ஒன்று, தண்ணீர் மட்டத்துக்கு ஒரு சாண் மேலே நீட்டிக்கொண்டிருந்தது. அதிலிருந்து விழுந்தது மெதுவாகக் கரையைப் பார்த்துப் போனது.

விடிந்ததும் பார்த்தால், அந்தக் கரையில் ஒரு வீடு. வீட்டுக்கும் எங்கள் படகுக்கும் நடுவே பதினைந்து அடி இருந்தால் அதிகம். அந்த வீட்டம்மா படியில் உட்கார்ந்து பாத்திரம் விளக்கிக்கொண்டிருந்தார். என்னைப் பார்த்துச் சிரித்தார். எனக்குத் திருப்பிச் சிரிக்க முடியவில்லை.

படகில் வேலை செய்த தம்பியிடம் தனியாகக் கேட்டேன். மறைக்காமல் சொன்னான். "டேங்க் உண்டு சேச்சி. நெறைஞ்சா கொண்டுபோய்க் கொடுக்கிற இடம் தூரம். போய் வர டீசல் யாரு கொடுப்பா? சீசன்ல தினம் ட்ரிப். அதான் வால்வத் திறந்து விட்டுடுவோம்." அவன்மேல் எனக்குக் கோபம் வரவில்லை. அம்மாதான் பாவம். நாங்கள் பேசியது காதில் விழுந்துவிட்டது. படகை விட்டு இறங்கும் வரை ஒரு வாய் தண்ணீர் குடிக்க மறுத்துவிட்டார். "நான் போனதுதானடி அது" என்று ஊர் வந்து சேரும் வரை சொல்லிக்கொண்டே இருந்தார்.

இதை ஏன் இவ்வளவு விரிவாக எழுதுகிறேன் என்றால், இப்போது நம் சென்னையைச் சுற்றியும் படகுச் சவாரி பெருகிக்கொண்டிருக்கிறது. சேத்துப்பட்டு ஏரியில் படகு விடுகிறார்கள். முட்டுக்காட்டில் மிதி படகு, மோட்டார் படகு எல்லாம் போக, இரண்டு அடுக்கில் மிதக்கும் உணவகமே வந்துவிட்டது. எந்த ஏரியைத் தூர்வாரி நடைபாதை போட்டாலும், அடுத்த கோரிக்கை "இங்கேயும் படகு விடுங்க" என்பதுதான். நல்ல விஷயம். தண்ணீருக்குப் பக்கத்தில் போய் நின்றால்தான் அதன்மேல் மக்களுக்குப் பற்று வரும். நானும் என் பெண்களைக் கூட்டிக்கொண்டு போகிறவள்தான். என் வேண்டுதல் ஒன்றே ஒன்று. கழிவறை உள்ள எந்தப் படகையும் தண்ணீரில் இறக்குவதற்கு முன்னால், அதன் கழிவை வாங்கிக்கொள்ளும் ஏற்பாடு கரையில் தயாராக இருக்க வேண்டும். முதலில் படகு வரட்டும், மற்றதை அப்புறம் பார்க்கலாம் என்றால், ஆலப்புழையில் அந்தத் தம்பி சொன்னதுதான் இங்கேயும் நடக்கும்.

"ஊர்க் கழிவே கூவத்திலும் அடையாற்றிலும் ஓடுது, இதுல ஒரு படகுக் கழிவறை பெரிய விஷயமா?" என்று என் தங்கை வீட்டுக்காரரே கேட்டார். நியாயமான கேள்வி. அளவில் ஒப்பிட்டால் படகுக் கழிவு மிகச் சிறியதுதான். முட்டுக்காட்டையே எடுத்துக்கொள்ளுங்கள். பள்ளிக்கரணைச் சதுப்பு நிலத்துத் தண்ணீர் ஒக்கியம் மடுவு வழியாகப் பக்கிங்காம் கால்வாயில் சேர்ந்து, கடைசியில் அங்கேதான் வருகிறது. வழியில் கலக்கும் வீட்டுக் கழிவுநீரும் சேர்ந்தே வருகிறது. இதை மறைத்துப் பேசினால் என் பேச்சுக்கு மதிப்பில்லை.

ஆனாலும் படகுக் கழிவைத் தனியாகப் பார்க்க வேண்டும் என்றே சொல்வேன். வீட்டுச் சாக்கடையில் குளித்த தண்ணீர், துணி துவைத்த தண்ணீர் எல்லாம் சேர்ந்து கழிவு நீர்த்துப் போகிறது. படகில் தண்ணீரைச் சிக்கனமாகத்தான் ஊற்றுவார்கள், அதனால் அது கெட்டியான கழிவு. எந்தச் சுத்திகரிப்பும் இல்லாமல், மனிதர்கள் கை நனைக்கிற இடத்திலேயே நேராக விழுகிறது. ஒரு கிராம் மலத்தில் கோடிக்கணக்கான நுண்ணுயிர்கள் இருக்கும். டைபாய்டும், மஞ்சள் காமாலையில் ஒரு வகையும் இந்த வழியாகத்தான் பரவுகின்றன. குளிக்கத் தகுந்த நீர் என்றால், 100 மில்லி லிட்டரில் மலக் கோலிபார்ம் (தண்ணீரில் மலம் கலந்திருப்பதைக் காட்டும்) கிருமிகளின் எண்ணிக்கை 500க்குள் இருப்பது நல்லது, எப்படியும் 2500ஐத் தாண்டக்கூடாது என்பது மத்திய மாசுக் கட்டுப்பாட்டு வாரியத்தின் அளவுகோல். அந்தக் குழாய்க்குப் பக்கத்தில் தண்ணீர் எடுத்துப் பார்த்தால் என்ன எண் வரும் என்று யோசித்துப் பாருங்கள்.

முட்டுக்காட்டுப் பாலத்தின் மேல் எப்போதாவது நின்று பார்த்திருக்கிறீர்களா? நீர் வற்றும் நேரத்தில் பார்க்க வேண்டும். இருளர் சமூகத்துப் பெண்கள் மார்பளவு தண்ணீரில் குனிந்து, சேற்றைக் கையால் துழாவி இறால் பிடிப்பார்கள். பிடித்த இறாலைப் போடும் பறியை எங்கே வைப்பார்கள் தெரியுமா? இரண்டு கையும் வேண்டியிருப்பதால், அதன் கயிற்றைப் பல்லால் கடித்துக்கொள்வார்கள். முகவாய் தண்ணீரைத் தொட்டுக்கொண்டே இருக்கும். இரண்டு மணி நேரம், மூன்று மணி நேரம். அந்தத் தண்ணீர் எப்படி இருக்க வேண்டும் என்று முடிவு செய்யும்போது நம் மனத்தில் இருக்க வேண்டியவர்கள் அவர்கள். டிக்கெட் வாங்கி அரை மணி நேரம் சுற்றிவிட்டுப் போகிற நாம் அடுத்தபடிதான்.

முட்டுக்காடாவது கழிமுகம், முகத்துவாரம் திறந்திருக்கும் காலத்தில் அலை ஏறி இறங்கித் தண்ணீர் மாறும். ஏரி அப்படியில்லை. மழைக்காலத்தில் நிரம்பிக் கலங்கல் வழியாக வழிந்தால்தான் உண்டு. மற்ற மாதங்களில் உள்ளே விழுந்தது உள்ளேயேதான். வெயில் ஏற ஏறத் தண்ணீர் குறையும், கழிவு குறையாது. "சிறுநீர்தானே, அதில் என்ன" என்று பலர் நினைக்கிறார்கள். ஒரு ஆள் ஒரு நாளில் வெளியேற்றும் நைட்ரஜன் பத்து கிராமாவது இருக்கும், அதில் பெரும்பகுதி சிறுநீரில்தான் போகிறது. வயலில் விழுந்தால் அது உரம். ஏரியில் விழுந்தால் பாசிக்கு உரம். பாசி கொழுத்து, செத்து, அழுகும்போது தண்ணீரில் இருக்கும் ஆக்சிஜனைத் தின்றுவிடும். இரவில் பாசியும் சுவாசிப்பதால், விடியற்காலையில் ஆக்சிஜன் மிகவும் குறைந்துபோகும். மீன்கள் கூட்டமாக மேலே வந்து வாயைத் திறந்து திறந்து மூடும். அப்புறம் வெள்ளை வயிறு தெரிய மிதக்கும். குளோரின் மாத்திரை போட்டுவிட்டோம் என்று சிலர் சொல்வதை நான் ஏற்காததற்கு இதுதான் காரணம். மாத்திரை கிருமியைக் குறைக்கும். நைட்ரஜனும் பாஸ்பரசும் அப்படியே தங்கிவிடும்.

கடலுக்கே சட்டம் இருக்கிறது, பாருங்கள். மார்போல் என்னும் பன்னாட்டு ஒப்பந்தத்தின் 4ஆம் பிற்சேர்க்கை 2003இல் நடைமுறைக்கு வந்தது. நாடு விட்டு நாடு போகும் கப்பல்கள் சுத்திகரிக்காத கழிவை விட வேண்டுமானால், கரையிலிருந்து 12 கடல் மைலுக்கு அப்பால் போக வேண்டும். சுமார் 22 கிலோமீட்டர். அரைத்துக் கிருமிநீக்கம் செய்த கழிவுக்கே 3 கடல் மைல். அதையும் ஒரே இடத்தில் நின்றுகொண்டு கொட்டக்கூடாது, குறைந்தது 4 நாட் (மணிக்குச் சுமார் 7 கிலோமீட்டர்) வேகத்தில் போய்க்கொண்டே மெல்ல விட வேண்டும். வங்காள விரிகுடாவுக்கே இந்தக் கணக்கு. சேத்துப்பட்டு ஏரியில் இந்தக் கரையில் நின்று கூப்பிட்டால் அந்தக் கரையில் கேட்கும்.

அமெரிக்காவில் வெளியிலிருந்து படகு வர வழியில்லாத நன்னீர் ஏரிகளில், படகிலேயே சுத்திகரித்த கழிவைக்கூட விடக்கூடாது. தொட்டியில் பிடித்து வைத்துக் கரையில்தான் இறக்க வேண்டும். தொட்டிக்கும் வெளிக்குழாய்க்கும் நடுவில் உள்ள வால்வைப் பூட்டியோ, கைப்பிடியைக் கழற்றியோ வைக்க வேண்டும். 1992இல் தனிச்சட்டம் போட்டு, கரையில் கழிவை உறிஞ்சி எடுக்கும் நிலையங்கள் அமைக்க அரசே பணம் ஒதுக்கியது. எனக்கு இதில் பிடித்தது இந்தக் கடைசி விஷயம்தான். தடையும் போட்டார்கள், வழியும் செய்து கொடுத்தார்கள்.

ஆனால் வால்வைப் பூட்டுவதில் எனக்கு முழு நம்பிக்கை இல்லை. ஓஎம்ஆரில் எங்கள் அடுக்குமாடிக் குடியிருப்புச் சங்கத்துக்கு ஆறு வருடம் செயலாளராக இருந்திருக்கிறேன். எங்கள் தெருவில் பாதாளச் சாக்கடை இல்லை. எஸ்டிபி என்கிற கழிவுநீர்ச் சுத்திகரிப்பு நிலையம், கழிவுநீர் லாரி, லோடு கணக்கு, இதுதான் என் தினசரி வாழ்க்கை. ஒரு மழை இரவில் எஸ்டிபி மோட்டார் நின்றுபோனது, லாரி வரவில்லை. காலையில் போய்ப் பார்த்தால், பூட்டி வைத்திருந்த பைபாஸ் வால்வு திறந்திருந்தது, மழைநீர் வடிகாலில் கறுப்பாக ஓடிக்கொண்டிருந்தது. சாவி எங்கள் அலுவலகத்தில்தான் இருந்தது. யாரையும் கேட்காமலேயே எனக்குப் புரிந்தது. நிரம்பி வழியும் தொட்டியும் பக்கத்திலேயே ஒரு வால்வும் இருந்தால், என்றாவது ஒரு நாள் யாராவது திறப்பார்கள். அந்த வாரமே அந்தக் குழாயை அறுத்துச் சிமெண்ட் வைத்து அடைத்தோம்.

அதனால்தான் சொல்கிறேன், ஏரியில் ஓடும் படகில் கழிவறைத் தொட்டிக்கு வெளிப்பக்கத் துளையே இருக்கக்கூடாது. தொட்டியின் ஒரே வாய் மேல்தளத்தில் இருக்க வேண்டும், கரையில் உள்ள பம்பின் ஹோஸ் வந்து பொருந்துகிற வாய். உரிமம் கொடுக்கும் அதிகாரி படகைக் கரையேற்றி அடிப்பகுதியைச் சுற்றிப் பார்த்தால் ஐந்து நிமிடத்தில் தெரிந்துவிடும். துளை இருந்தால் உரிமம் இல்லை.

நுண்ணுயிர்களை வைத்து மலத்தை மக்க வைக்கும் பயோ டாய்லெட் வைத்தால் போதாதா என்று கேட்பீர்கள். ரயிலில் அது பெரிய மாற்றம், மறுக்கவே மாட்டேன். நிலையத்தில் வண்டி நிற்கும்போது பயன்படுத்தாதீர்கள் என்று எழுதி வைத்த காலம் நமக்கெல்லாம் ஞாபகம் இருக்கிறது. குனிந்து பார்த்தால் தண்டவாளம் ஓடும். ரயில்வேயும் பாதுகாப்புத் துறையின் ஆராய்ச்சி அமைப்பான டிஆர்டிஓவும் சேர்ந்து அதை மாற்றிக் காட்டின. இவ்வளவு பெரிய ரயில்வேயால் முடிந்தது, நாலு படகு விடுகிறவர்களால் முடியாதா என்ற தைரியமே எனக்கு அங்கிருந்துதான் வந்தது. ஆனால் பயோ டாய்லெட்டில் மலம் மக்கிய பிறகு மிஞ்சும் நீர் வெளியே வரும். ரயிலில் அது ஜல்லியில் விழுகிறது. படகில் ஏரியில் விழும், நைட்ரஜனோடு. அந்த நீரும் தொட்டிக்குள்ளேயே நிற்க வேண்டும். படகில் சமையல் நடந்தால், எண்ணெய்ப் பிசுக்கோடு வரும் கழுவிய தண்ணீரும் அப்படியே.

கரையில் பெரிய தொழிற்சாலை ஒன்றும் வேண்டாம். படகுத்துறையில் ஒரு உறிஞ்சு பம்பு, ஒரு ஹோஸ், தரையில் கசியாத ஒரு தொட்டி. பக்கத்தில் பாதாளச் சாக்கடை இருந்தால் நேராக இணைத்துவிடலாம். இல்லாவிட்டால் உரிமம் உள்ள லாரி எடுத்துக்கொண்டு போய்ச் சுத்திகரிப்பு நிலையத்தில் இறக்கட்டும். செலவை டிக்கெட்டில் சேர்க்கட்டும். கழிவை இறக்குவதற்குப் படகோட்டியிடம் தனியாகக் காசு கேட்கவே கூடாது. கேட்டால் அவர் வால்வைத் தேடுவார். எந்தக் காரணத்துக்கும் தொட்டிக்குள் ஒரு மனிதர் இறங்கக்கூடாது. மனிதக் கழிவை மனிதர் அள்ளுவதைத் தடுக்க 2013இலேயே சட்டம் வந்திருக்கிறதே.

ஒரு நோட்டும் வேண்டும். எந்தப் படகு, எந்தத் தேதி, எத்தனை லிட்டர் இறக்கியது, எந்த லாரி எடுத்துப் போனது. தினம் ஐம்பது பேரை ஏற்றும் படகு ஒரு மாதமாக ஒரு லிட்டர்கூட இறக்கவில்லை என்று நோட்டு காட்டினால், அது எங்கே போனது என்று குழந்தைகூடச் சொல்லும். அந்த நோட்டை டிக்கெட் கவுண்டர் பக்கத்தில் நாம் புரட்டிப் பார்க்கிற மாதிரி வைக்க வேண்டும்.

அரை மணி நேரச் சவாரிப் படகுகளுக்குக் கழிவறையே தேவையில்லை. அங்கே கரையில், டிக்கெட் வரிசைக்குப் பக்கத்தில், இலவசமான, தாழ்ப்பாள் உள்ள, தண்ணீர் வரும் கழிவறை இருந்தால் போதும். குழந்தைகளின் டயப்பரைப் போட மூடியுள்ள தொட்டி ஒன்று. காலையிலிருந்து இருட்டும் வரை படகு ஓட்டுகிறவர்களுக்கும் அங்கே உரிமையோடு இடம் வேண்டும். நம் படகுத்துறை ஒன்றில், பெயர் வேண்டாம், ஒரு பெரியவரிடம் "நீங்க எங்க அண்ணே போவீங்க?" என்று கேட்டேன். கையால் நாணல் பக்கம் காட்டிவிட்டு முகத்தைத் திருப்பிக்கொண்டார். நமக்காக நாள் முழுவதும் வெயிலில் மிதிக்கிற மனிதரை அப்படி வைத்திருப்பது நமக்குத்தான் தலைகுனிவு.

சட்டம் புதிதாகத் தேட வேண்டியதில்லை. 1974ஆம் ஆண்டு நீர் மாசுத் தடுப்புச் சட்டம் இருக்கிறது. 1917ஆம் ஆண்டின் பழைய சட்டத்தை மாற்றி 2021இல் வந்த உள்நாட்டுக் கலங்கள் சட்டத்தில், மாசு தடுப்பதற்கென்றே தனி அத்தியாயம் உண்டு. அதற்கான விதிகள் 2022இல் வந்தன. கரையில் கழிவைப் பெற்றுக்கொள்ளும் வசதியைப் பற்றியும் அந்தச் சட்டம் பேசுகிறது. காகிதத்தில் இருப்பது படகுத்துறைக்கு வர வேண்டும், அவ்வளவுதான்.

மூன்று கேள்விகள் மட்டும் வைத்து ஒரு மனு எழுதியிருக்கிறேன். படகில் கழிவறை இருந்தால் அதன் தொட்டி எத்தனை லிட்டர்? அதற்கு வெளிப்பக்கத் துளை இருக்கிறதா? கடைசியாக எப்போது, எங்கே காலி செய்தீர்கள்? வருகிற ஞாயிறு காலை எட்டு மணிக்கு, எங்களுக்குப் பக்கத்தில் உள்ள படகுத்துறையில் கொடுக்கப் போகிறேன். அம்மாவும் வருகிறேன் என்று சொல்லிவிட்டார். கூட வர விரும்புகிறவர்கள் உள்பெட்டியில் சொல்லுங்கள்.