லண்டனிலிருந்து வந்த பாராட்டு

கடைக்காரர்: வாங்க டீச்சர்! நம்ம பூஜை சாமான் கடைக்கு லண்டனிலிருந்து பாராட்டு மெயில் வந்திருக்கிறது.

டீச்சர்: காட்டுங்கள் அண்ணே. "யுவர் டிலே ஹாஸ் இன்சென்ஸ்டு மீ." இதுவா பாராட்டு?

கடைக்காரர்: பின்னே? கப் சாம்பிராணிப் பெட்டி மேலேயே இன்சென்ஸ் என்றுதானே போட்டிருக்கிறது. பார்சல் மூன்று வாரம் தாமதமாகப் போயும் மனுஷர் கோபப்படாமல், புகை போட்டேன், வீடெல்லாம் மணக்கிறது என்கிறார்.

டீச்சர்: அவர் கொதித்துப் போயிருக்கிறார் அண்ணே. பெயர்ச்சொல்லாக வந்தால்தான் சாம்பிராணி, வினைச்சொல்லாக வந்தால் ஒருவருக்குக் கடுங்கோபம் மூட்டுவது. எழுத்து ஒன்றுதான், ஆனால் சாம்பிராணிக்கு 'இன்'னில் அழுத்தம், கோபத்துக்கு 'சென்ஸ்'ஸில் அழுத்தம்.

கடைக்காரர்: மெயிலில் அழுத்தம் எப்படி டீச்சர் கேட்கும்? புகை போடுவதற்கு அந்த வினை கிடையவே கிடையாதா?

டீச்சர்: அகராதியில் இருக்கிறது...

கடைக்காரர்: அப்படிச் சொல்லுங்கள்!

டீச்சர்: ...ஆனால் அவர் அதைச் சொல்லவில்லை! இரண்டுக்கும் மூலம் லத்தீனில் இன்செண்டெரே, அதாவது தீ மூட்டுவது. சாம்பிராணியில் மூட்டினால் புகை, மனுஷனுக்குள் மூட்டினால் கோபம்.

கடைக்காரர்: நாமும் பற்றிக்கொண்டு வருகிறது, எரிந்து விழுகிறான் என்றுதானே சொல்கிறோம்.

டீச்சர்: அதேதான். அந்தச் சொல்லுக்குச் சொந்தக்காரர்கள் நிறைய. ஒளிர்வதற்கு லத்தீனில் காண்டெரே, அதிலிருந்து வந்ததுதான் கேண்டில். கேண்டிடேட்டும் அந்த வழிதான், ஏனென்றால் பழைய ரோமில் பதவிக்குப் போட்டியிடுகிறவர்கள் வெளுப்பேற்றிய டோகாவைப் போர்த்திக்கொண்டு ஓட்டுக் கேட்டுப் போவார்களாம்.

கடைக்காரர்: வெள்ளை வேட்டி அங்கேயே ஆரம்பித்துவிட்டதா!

டீச்சர்: இன்னும் கேளுங்கள். நாம் சமஸ்கிருதத்திலிருந்து எடுத்துக்கொண்ட சந்திரன்கூட அந்தக் காண்டெரேக்குத் தூரத்துப் பங்காளி.

கடைக்காரர்: தூரத்துப் பங்காளியா? என் மச்சான் சந்திரன்தான் டீச்சர் அந்தப் பார்சலை அனுப்பாமல் கல்லாவுக்கு அடியில் வைத்துவிட்டு ஊருக்குப் போனவன்! லண்டன்காரரை எரிய வைத்தது அவன், மெயிலைப் பிரேம் போட நினைத்த மட சாம்பிராணி நான்.

டீச்சர்: நீங்களாகச் சொல்லிக்கொண்டீர்கள். சரி, உடனே மன்னிப்புக் கேட்டு ஒரு பதில் போடுங்கள்.

கடைக்காரர்: பதில் காலையிலேயே போய்விட்டதே.

டீச்சர்: ஐயோ, என்ன எழுதினீர்கள்?

கடைக்காரர்: மிக்க மகிழ்ச்சி, தீபாவளிக்குள் உங்கள் குடும்பத்தார் அனைவரையும் இதேபோல் இன்சென்ஸ் செய்து தருகிறோம் என்று.